சுபேதார் பதில்கள்: பஸ்ஸில் தொங்கும் எலுமிச்சம்பழம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி பனிச்சறுக்கு பற்றியவை. போன இதழில் நான் காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு உஸ்தாதாக, அதாவது பயிற்சி ஆசிரியராக, இருந்த காலத்தைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டேன், அதன் விளைவு. பென்ஷன் வாங்கி, வெலிங்டனுக்குக் கீழே ஒரு ஓட்டு வீட்டில் காரட் பாத்தி போட்டுக்கொண்டிருக்கும் ஆளிடம் இதையெல்லாம் கேட்கிறீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

ஊட்டி காந்தலிலிருந்து ஒரு வாசகர்: ஜனவரியில் தலைகுந்தா பக்கம் புல்வெளி முழுக்க வெள்ளையாகக் கிடக்கிறதே, அங்கே பனிச்சறுக்கு ஏன் ஆரம்பிக்கக் கூடாது?

அது உறைபனி. ராத்திரி தரை குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் புல்லின்மேல் படிந்து உறைவது. வெயில் ஏறி நீங்கள் இரண்டாவது டீ குடிப்பதற்குள் காணாமல் போய்விடும். சறுக்குவதற்குக் கனமாக விழுந்து அமுங்கிய பனி வேண்டும்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். குல்மார்க் ஊர் ஏறக்குறைய 2,650 மீட்டர். உயரத்தில் இரண்டுக்கும் ஒரு நாலு மாடிக் கட்டட வித்தியாசம்தான். அங்கே ஆளை மூடும் அளவுக்குப் பனி கொட்டுகிறது, இங்கே புல்லில் உப்புத் தூவியதுபோல் படிகிறது. காரணம், நாம் 11 பாகை அட்சரேகையில் இருக்கிறோம், அவர்கள் 34-இல். போதாததற்குக் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று நேரே போய் அந்த மலையில் முட்டுகிறது. எந்த அரசு வந்தாலும் அட்சரேகையை மாற்ற முடியாது ஐயா.

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு தேயிலை விவசாயி: என் மகளுக்கு 15 வயது. இரண்டு குளிர்காலமாகக் குல்மார்க் முகாமுக்குப் போய் வருகிறாள். ஜயன்ட் ஸ்லாலம் (நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் பந்தயம்) போட்டியில் இறங்க ஆசை. பூட்ஸில் மாட்டும் சென்சார் ஒன்று வாங்கினால் டெக்னிக் சீக்கிரம் திருந்தும் என்று முகாமில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவள் அம்மா வேண்டாம் என்கிறாள். பச்சைத் தேயிலை விற்கிற விலையில் எனக்கும் தயக்கம். வாங்கலாமா?

இந்த வருடம் வாங்க வேண்டாம். உங்கள் வீட்டம்மா சொன்னதே சரி. ஆனால் அவர் சொல்லும் காரணமும் என் காரணமும் ஒன்றாக இருக்காது, அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாமான் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மேட்டுப்பாளையத்திலிருந்து நம் ஊர் பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்காருங்கள். டிரைவருக்கு முன்னால் கண்ணாடி ஓரம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது அந்த எலுமிச்சம்பழம் வெளிப்பக்கமாக ஒதுங்கும். பூட்ஸ் சென்சாருக்குள் இருக்கும் முதல் உறுப்பு, முடுக்கமானி, அந்த எலுமிச்சம்பழம்தான். எந்தப் பக்கம் இழுக்கிறது, எவ்வளவு இழுக்கிறது என்று சொல்லும். நகத்தைவிடச் சின்னது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது அதே எலுமிச்சம்பழத்தை ஒரு மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பாரில் கட்டுங்கள். வளைவில் பையன் வண்டியைச் சாய்த்துத் திருப்புகிறான். எலுமிச்சம்பழம் எங்கே ஒதுங்கும்? எங்கேயும் ஒதுங்காது. வண்டியோடு சேர்ந்து, நேராக நிற்கும் வண்டியில் தொங்குவதுபோலவே தொங்கும். ஏனென்றால் பூமி கீழே இழுப்பதும் வளைவு வெளியே தள்ளுவதும் சேர்ந்து, வண்டி சாய்ந்திருக்கும் திசையிலேயே விழுகின்றன. பனிச்சறுக்கில் நடப்பது இந்த இரண்டாவது கதை. வீரர் 50 பாகை சாய்ந்து பனியில் இடுப்பு உரசப் போகும்போதும் எலுமிச்சம்பழத்தை மட்டும் கேட்டால், "இவர் நேராக நிற்கிறார்" என்று சத்தியம் பண்ணும்.

நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பிலும் ஒரு பகுதி இந்த எலுமிச்சம்பழ வேலையைத்தான் செய்கிறது. அதனால்தான் எவ்வளவு சாய்ந்தோம் என்று உடம்பைக் கேட்டால் சரியான பதில் வராது. நான் எத்தனையோ ஜவான்களைக் கேட்டிருக்கிறேன். "எவ்வளவு சாய்ந்தாய்?" "தரையைத் தொட்டேன் உஸ்தாத்!" பார்த்தால் தென்னை மரம் மாதிரி நின்றுகொண்டு வந்திருப்பான்.

ஆகவே இரண்டாவது உறுப்பு ஒன்று வேண்டும். எவ்வளவு வேகமாகச் சுழல்கிறோம் என்று அளக்கும் ஜைரோ. அந்தச் சுழற்சியைக் கணத்துக்குக் கணம் கூட்டிக்கொண்டே போனால் சாய்வு கிடைக்கும். ஆனால் அதில் ஒரு குறை. தினம் கொஞ்சம் கொஞ்சம் பிந்தும் கடிகாரம் மாதிரி, சின்னப் பிழையும் கூடிக் கூடிப் பெரிதாகிவிடும். அப்போது எலுமிச்சம்பழத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். எலுமிச்சம்பழத்தை நீண்ட நேரத்துக்கு நம்பலாம், ஜைரோவைக் குறுகிய நேரத்துக்கு நம்பலாம். இரண்டையும் சேர்த்து உண்மைக்குப் பக்கத்தில் ஒரு எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் போனில் இருக்கும் ஆப்பின் வேலை. லண்டன் கம்பெனி ஒன்று 2016-இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி ஆரம்பித்த கார்வ் என்கிற கருவிதான் இதில் பெயர் பெற்றது. முதலில் பூட்ஸுக்குள் வைக்கும் அழுத்தம் அளக்கும் தகடாக வந்தது, அப்புறம் பூட்ஸுக்கு வெளியே மாட்டும் கிளிப்பாக மாறியது. சறுக்கி முடித்ததும், சறுக்கும்போதேகூட, காதில் ஆலோசனை சொல்லும்.

சரி, அந்த எண் எதற்கு? உங்கள் மகள் காலில் மாட்டும் பனிப்பலகையைத் தரையில் வைத்து மேலிருந்து பாருங்கள். நடுவில் ஒடுங்கி இரு முனையிலும் அகன்றிருக்கும். அந்த ஓர வளைவை நீட்டி வட்டமாக்கினால் வரும் ஆரம்தான் பலகையில் எழுதியிருக்கும் மீட்டர் கணக்கு. உலகக் கோப்பை ஜயன்ட் ஸ்லாலம் பலகைக்கு அது 30 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி, பிள்ளைகளின் பலகைக்கு இன்னும் சின்னது. பலகையைப் படுக்க வைத்தால் 30 மீட்டர் வட்டம். விளிம்பில் நிறுத்தி 60 பாகை சாய்த்தால், உராய்ந்து வழுக்காமல் வெட்டிக்கொண்டு போகும் பட்சத்தில், வட்டம் ஏறக்குறையப் பாதியாகி 15 மீட்டருக்கு வந்துவிடும். பத்தாம் வகுப்பு கொசைன்தான், மகளே கணக்குப் போட்டுக் காட்டுவாள். பலகை பக்கவாட்டில் தேய்ந்தால் வேகம் போய்விடும். தேயாமல் திரும்ப வேண்டுமென்றால் சாய்வு வேண்டும். அதனால்தான் விளிம்புக் கோணம் என்கிற எண்ணை எல்லாரும் துரத்துகிறார்கள்.

அடுத்தது எடை. வளைவில் வெளிக்காலில்தான் பெரும்பகுதி எடை நிற்க வேண்டும். அதோடு முன்னால் பின்னால் என்கிற கணக்கு. இதில் நம் மலைப் பிள்ளைகளுக்கு என்றே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மலையில் பிறந்தவள், சறுக்கு சுலபமாக வரும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்தேன். தோட்டத்துச் சரிவில் முதுகில் இலை மூட்டையோடு இறங்குகிறவர்களைப் பாருங்கள். எடையைக் குதிகாலில் போட்டு, உடம்பைப் பின்னால் வைத்து இறங்குவார்கள். அப்படி இறங்கினால்தான் வழுக்காது. தாத்தா பாட்டி காலத்திலிருந்து காலில் ஊறிய பாடம். பனிப்பலகையின்மேல் அதே பாடம் ஆளைக் கவிழ்க்கும். பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பனியை விட்டுவிடும், திருப்ப முடியாது. சரிவு செங்குத்தாக ஆக ஆக, பயம் பின்னால் இழுக்க இழுக்க, முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பைப் பூட்ஸின் நாக்கில் அழுத்தி முன்னால் போக வேண்டும். குன்னூர்ப் பிள்ளைகளைவிடச் சென்னைப் பிள்ளைகள் இதைச் சீக்கிரம் கற்றதை என் கண்ணால் பார்த்தேன். அவர்களுக்கு மறக்க வேண்டிய பாடம் எதுவும் இல்லை.

இந்த மாதிரிப் பழக்கத்தைக் காட்டிக்கொடுக்கத்தான் கருவி மிக உதவும். நான் "முன்னால் வா, முன்னால் வா" என்று தொண்டை கிழியக் கத்தினாலும், அவளுக்குத் தான் முன்னால்தான் இருக்கிறோம் என்று நிச்சயமாகத் தோன்றும். எண் வந்தால் வாதம் இல்லை.

இனி என் அவமானத்தைச் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு என் தங்கை பேத்தியைக் குல்மார்க்குக்கு நானே கூட்டிப் போனேன். முகாமில் பழக்கமான ஒருவர் தன் சென்சார் ஜோடியை நாலு நாளைக்குக் கடன் கொடுத்தார். முதல் நாளே எனக்குத் தலைகால் புரியவில்லை. வலப்பக்கத் திருப்பம் அருமை, இடப்பக்கம் மோசம் என்று ஆப் சொன்னது. என் கண்ணுக்கு நேர்மாறாகத் தெரிந்தது. வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது, எண் பொய் சொல்லுமா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, இரண்டு நாள் அந்தக் குழந்தையை இடப்பக்கத் திருப்பத்துக்காகத் திட்டித் தீர்த்தேன். நன்றாக இருந்த இடப்பக்கமும் கெட்டது. மூன்றாம் நாள் காலை பூட்ஸ் மாட்டும்போது அவள் கேட்டாள், "தாத்தா, இதில் எல் என்று போட்டிருக்கிறதே, இதை ஏன் வலது பூட்ஸில் மாட்டியிருக்கிறீர்கள்?" 22 வருடச் சர்வீஸ்! என் வாழ்க்கையில் ஒரு பெண் பிள்ளையிடம் அப்படி மன்னிப்புக் கேட்டதில்லை. அன்று மத்தியானம் அவளுக்கு இரண்டு பிளேட் ராஜ்மா வாங்கிக் கொடுத்தேன்.

கண்ணுக்கும் எண்ணுக்கும் சண்டை வந்தால் முதலில் கருவி மாட்டியது சரியா என்று பாருங்கள். அழுத்தம் அளக்கும் கருவியானால், ஒரு காலைத் தூக்கிப் பிடித்தால் அந்தக் காலின் அழுத்தம் பூஜ்யத்துக்கு வருகிறதா? வலப்பக்கம் சாய்ந்தால் திரையிலும் வலப்பக்கமா? அரை நிமிட வேலை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கடைசி நாள் அவள் ஆப் கொடுக்கும் மதிப்பெண்ணை ஏற்றுவதிலேயே குறியாகிவிட்டாள். அகன்ற சரிவில் பெரிய பெரிய வளைவாக, அழகாக, எங்கும் தேயாமல் வந்தாள். மதிப்பெண் எகிறியது. பிறகு கம்பங்கள் நட்ட பாதையில் விட்டு ஸ்டாப்வாட்ச் பிடித்தேன். முதல் நாளைவிட மெதுவாக வந்தாள். கம்பத்துக்கு எவ்வளவு தள்ளிச் சுற்றினாள் என்பது அந்த மதிப்பெண்ணில் இல்லை. போனிலுள்ள ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும், பந்தயமோ கையளவு இடைவெளியில் நடக்கிறது. ஆப் டெக்னிக்குக்கு மார்க் போடும், பாதைக்குப் போடாது. போட்டியில் மெடல் கொடுப்பது கடிகாரத்தைப் பார்த்து.

பிறகு எப்படித்தான் பயன்படுத்துவது என்றால், நான் கடைசியில் கண்டுபிடித்த வழி இது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு எண். காதில் பேச்சை அணைத்துவிட வேண்டும், கம்பங்களுக்கு நடுவே அசரீரி வேண்டாம். கீழே வந்ததும் போனை எடுக்கும் முன் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும்: "இந்தத் தடவை சாய்வு 40 இருக்கும்." அப்புறம் பார்க்க வேண்டும். என் தங்கை பேத்தி முதலில் 40 என்று சொன்னாள், 28 இருந்தது. நாள் முடிவில் 35 சொன்னாள், 33 வந்தது. சாய்வு கூடியதைவிட அந்த இடைவெளி குறைந்ததுதான் எனக்குச் சந்தோஷம். ஏனென்றால் போட்டியில் அவளுக்குத் துணை வரப்போவது அவள் ஊகம்தான்.

இப்போது உங்கள் செலவுக் கணக்கு. உங்கள் மகள் வருடத்தில் பனியில் நிற்பது எத்தனை நாள்? முகாம் இரண்டு வாரம். ஆப்புக்கு வருடச் சந்தா கட்டி மீதி ஐம்பது வாரம் பீரோவில் பூட்டி வைப்பதா? ஆஸ்திரியாவில் பள்ளிக்கூடம் விட்டு லிஃப்டில் ஏறுகிற பிள்ளைக்கு அது நியாயம். அந்தப் பணத்தில் முதலில் காலுக்குச் சரியாகப் பொருந்தும் பூட்ஸ் வாங்குங்கள். முகாமில் வாடகைக்குத் தரும் பூட்ஸ் ஒரு நம்பர் பெரிதாக இருந்தால், உள்ளே கால் ஆடிக்கொண்டிருக்கும். எந்தச் சென்சார் என்ன சொன்னாலும் பலகைக்கு அது போய்ச் சேராது. மிச்சமிருந்தால் இன்னும் ஒரு வாரம் கூடுதலாகப் பனியில் இருக்கட்டும். சென்சாரை முகாமில் நாலைந்து பெற்றோர் சேர்ந்து ஒரு ஜோடி வாங்கி முறை வைத்துக்கொள்ளலாம். எல், ஆர் பார்த்து மாட்டச் சொல்லுங்கள்.

குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். ஜாக்கெட்டுக்கு உள்ளே, உடம்பை ஒட்டி வைக்கச் சொல்லவும்.

கொடைக்கானலிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஏரிச் சாலையில் இன்லைன் ஸ்கேட் ஓட்டிப் பழகினால் பனிச்சறுக்குக்கு உதவுமா? சென்சார் வாங்க வசதி இல்லை, போனை வைத்து ஏதாவது அளக்க முடியுமா?

உதவும். விளிம்பில் நிற்பது, வெளிக்காலில் அழுத்துவது, இடுப்பைத் திருப்பாமல் காலைத் திருப்புவது எல்லாம் வரும். ஆனால் ஏரிச் சாலை வேண்டாம் தம்பி. குதிரை, வாடகை சைக்கிள், திடீரென்று செல்ஃபி எடுக்க நிற்கும் புதுமணத் தம்பதி, இதற்கெல்லாம் நடுவே வளைவு போட்டால் அளக்க வேண்டியது எலும்பு முறிவைத்தான். சிமென்ட் போட்ட காலி மைதானம், லேசான சரிவு, தலைக்கவசம், முழங்கால் கவசம்.

போன் விஷயம் நல்ல கேள்வி. ஆயிரக்கணக்கில் விலை போகும் சென்சாரில் இருக்கும் முடுக்கமானியும் ஜைரோவும் உன் போனிலும் பெரும்பாலும் இருக்கின்றன. ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தார் செய்த ஃபைஃபாக்ஸ் என்கிற இலவச ஆப் அவற்றின் எண்ணை அப்படியே கோடாக வரைந்து காட்டும். போனைக் கெண்டைக்காலில் துணியால் இறுக்கிக் கட்டு. ஆடினால் கணக்குப் போச்சு. ஜைரோவை ஓட விட்டு வரிசையாகப் பத்து வளைவு போடு. வலம் இடம் இரண்டும் ஒரே உயரத்தில் மேடு பள்ளமாக வருகிறதா, ஒரு பக்கம் மட்டும் சப்பையாக இருக்கிறதா என்று பார். வலதுகைக்காரர்களுக்கும் இடதுகைக்காரர்களுக்கும் ஏதோ ஒரு பக்கம் சோம்பேறியாகத்தான் இருக்கும். எந்தப் பக்கம் என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

எந்தக் காலில் கட்டினாய் என்று எழுதி வை. என் கதையைத்தான் படித்துவிட்டாயே.

அருவங்காட்டிலிருந்து ஒரு வாசகி: ஸ்மார்ட்வாட்ச் இதயத் துடிப்புப் பார்த்தால் போதாதா?

இதற்குப் போதாது அம்மா. ஜயன்ட் ஸ்லாலம் ஒரு ஓட்டம் ஒரு நிமிடம் சொச்சம். அதற்குள் துடிப்பு எவ்வளவு ஏறியது என்று தெரிந்து டெக்னிக் திருந்தாது. அதிலும் குளிரில் தோலுக்கு ரத்தம் குறையும், கையுறைக்குள் வாட்ச் நகரும், வெளிச்சத்தை வைத்துப் பார்க்கும் அந்த எண் தாறுமாறாக வரும். மார்புப் பட்டை தேவலை. வீட்டிலிருந்து நடைப்பயிற்சிக்கு என்றால் வாட்ச் தாராளமாகப் போதும்.

மஞ்சூரிலிருந்து ஒரு தாத்தா (என்னைவிட மூத்தவர், வணக்கம்): வேகமாக வந்து விழுந்தால் காப்பாற்ற இந்தக் கருவிகளில் ஏதாவது வழி உண்டா?

உண்டு. என் கருத்தில் உடம்பில் மாட்டும் கருவிகளிலேயே உருப்படியானது அதுதான். வீரரின் சட்டைக்கு உள்ளே காற்றுப்பை. அதே எலுமிச்சம்பழம், அதே ஜைரோ. கட்டுப்பாடு போய்விட்டது, இனி இந்த ஆள் நிமிர மாட்டான் என்று கணக்குப் போட்டதும் கண் இமைக்கும் நேரத்தில் ஊதிக்கொண்டு முதுகையும் நெஞ்சையும் மூடும். கஷ்டம் ஊதுவதில் இல்லை, எப்போது ஊதக் கூடாது என்று தெரிவதில். டவுன்ஹில் என்கிற அதிவேகப் பந்தயத்தில் வீரர்கள் காற்றில் பறப்பார்கள், தடுமாறி ஒற்றைக் காலில் நின்று சமாளிப்பார்கள். அப்போதெல்லாம் ஊதிவிட்டால் அதுவே ஆளைத் தள்ளிவிடும். 2024-25 பருவத்திலிருந்து உலகக் கோப்பை டவுன்ஹில்லிலும், அதற்கு அடுத்த வேகப் பந்தயமான சூப்பர்-ஜியிலும் இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். எங்கள் காலத்தில் கம்பளிச் சட்டைக்குள் முருகன் டாலர்தான்.

குன்னூரிலிருந்து ஆறாம் வகுப்பு மாணவி: டிவியில் 0.01 செகண்டில் ஜெயித்தார் என்றார்கள். அது எவ்வளவு தாத்தா?

கண்ணு, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள். ஒரு செகண்டுக்கு 25 மீட்டர். அதை நூறாகப் பிரித்தால் 25 சென்டிமீட்டர். உன் பெட்டியில் இருக்கும் பெரிய ஸ்கேலைவிடக் குறைவு. மலையுச்சியிலிருந்து அடிவாரம் வரை வந்து அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படி ஜெயித்தவரில் எனக்குப் பிடித்தவர் செக் நாட்டு எஸ்தர் லெடெட்ஸ்கா. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்ஸ், சூப்பர்-ஜி. அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது இரண்டு பலகையே இல்லை, ஒற்றைப் பலகை ஸ்னோபோர்டு. இதில் யாரும் அவரை எதிர்பார்க்கவில்லை. ஆஸ்திரியாவின் அன்னா வெய்த்தை அந்த 0.01-இல் தாண்டிவிட்டார். வந்து நின்று ஸ்கோர்போர்டைப் பார்க்கிறார், பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார், முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. ஏதோ தப்பு, நேரத்தை மாற்றப் போகிறார்கள் என்று நினைத்தாராம். அப்புறம் பத்திரிகைக்காரர்கள் முன்னால் கண்ணாடியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, ஜெயிப்பேன் என்று தெரியாது, மேக்கப் போட்டு வரவில்லை என்றார்.